ஆன்டிகிரைஸ்ட் (2009): அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? (முழுக்க ஸ்பாய்லர்)

கூழாங்கல்:

படம் பார்க்காதவர்கள் இதோடு திரும்பிவிடுங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். குழந்தையின் சாவு, உடலைச் சிதைப்பது இரண்டும் படத்தில் உண்டு, இங்கேயும் பேச்சில் வரும். அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் இன்னொரு நாள் வந்து படித்துக்கொள்ளலாம். இழை எங்கேயும் ஓடிப்போகாது.

லார்ஸ் வான் ட்ரியரின் இந்தப் படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மனைவி தன்னையே சிதைத்துக்கொள்ளும் கத்தரிக்கோலில் போய் நிற்கிறது, இல்லையென்றால் பேசும் நரியில். அந்தக் கத்தரிக்கோல் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் படம் ஓடியிருக்கும். என்னை உலுக்கியது அந்தப் பகுதிதான். சாத்தான், காடு எல்லாம் இருக்கட்டும். மென்மையான குரலில் பேசிக்கொண்டே மனைவியைப் படிப்படியாக நோயாளி ஆக்குகிறானே அந்தக் கணவன், அவனைத்தான் நான் வில்லன் என்பேன்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. கணவன் மனைவிக்குப் பெயர் கிடையாது: அவன் வில்லெம் டாஃபோ, அவள் ஷார்லோட் கேன்ஸ்பூர். பெயர் இருப்பது மகன் நிக்குக்கு மட்டும். கறுப்பு வெள்ளையில், மிக மெதுவான சலனத்தில் முன்னுரை. பின்னணியில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'ரினால்டோ' என்ற இசைநாடகத்திலிருந்து ஒரு பாடல். பெற்றோர் உடலுறவில் இருக்கிறார்கள். குழந்தை கட்டிலை விட்டு இறங்குகிறது, அவர்களைப் பார்க்கிறது, நாற்காலியை மேசை அருகே இழுத்து ஏறுகிறது. மேசைமேல் மூன்று பொம்மைச் சிலைகள். அவற்றைத் தட்டிவிட்டு ஜன்னல் விளிம்புக்குப் போகிறது. வெளியே பனி. குழந்தைக் கண்காணிப்புக் கருவியின் விளக்குகள் எரிகின்றன, ஒலி மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையோடு கரடி பொம்மையும் விழுகிறது. சலவை இயந்திரம் சுழன்று ஓய்கிறது.

அடுத்து அவள் மருத்துவமனையில். அவளுடைய துக்கம் வழக்கமான வகையில் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவன் உளச்சிகிச்சையாளன். அந்த மருத்துவரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று அவளை வீட்டுக்கு அழைத்துப்போய், மருந்தை நிறுத்தி, தானே சிகிச்சை தொடங்குகிறான். அவளுக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் 'ஈடன்' என்ற காட்டுக் குடிசைக்குக் கூட்டிப்போகிறான். அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும்.

என் கேள்வி ஒன்றுதான். நான்காம் அத்தியாயத்தில் முன்னுரைக் காட்சி திரும்ப வருகிறது. இந்த முறை அவள் கண் திறந்திருக்கிறது. குழந்தை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அது நடந்ததா, குற்றவுணர்ச்சி பிற்பாடு வரைந்த படமா? என் கட்சி இரண்டாவது. சொல்லுங்கள்.

ரீல்மன்னன்:

இதற்கெல்லாம் இவ்வளவு மரியாதை எதற்கு என்று புரியவில்லை நண்பரே. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் அரங்கிலேயே கேலிச் சிரிப்பும் கூச்சலும் எழுந்த படம். செய்தியாளர் சந்திப்பில் ஒருவர் எழுந்து இதை எடுத்ததற்கு நியாயம் சொல்லுங்கள் என்று கேட்டார். அதற்கு இந்த மனிதர் நான்தான் உலகத்திலேயே சிறந்த இயக்குநர் என்கிறார். அங்கே இருந்த கிறிஸ்தவ அமைப்புகளின் நடுவர் குழு, பெண்வெறுப்புக்காக இதற்கு 'எதிர்விருது' கொடுத்தது. வழக்கமாக அவர்கள் நல்ல படத்துக்குப் பரிசு தருகிறவர்கள். வலிய வந்து திட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் அதிர்ச்சி கொடுப்பதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரமும் நம்மை உட்கார வைத்திருக்கிறார். துக்கம் அவருக்குச் சாக்கு.

கூழாங்கல்:

//துக்கம் அவருக்குச் சாக்கு//

அவர் இதை எழுதியதே கடும் மனச்சோர்விலிருந்து எழுந்துவரும் நேரத்தில்தான். தனக்கு இது ஒரு சிகிச்சைபோல இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் படம் நல்ல படம் ஆகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாக்கு என்பது பொருந்தவில்லை.

அப்புறம், அந்த எதிர்விருதைப் பற்றிச் சொன்னீர்கள். விழாவின் இயக்குநர் தியரி ஃப்ரெமோவே அதை அபத்தம், தணிக்கை கேட்பதற்குச் சமம் என்று கண்டித்தார். அதே விழாவில் இசபெல் யூப்பேர் தலைமையிலான முதன்மை நடுவர் குழு கேன்ஸ்பூருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது. கூச்சலை மட்டும் சொல்லிவிட்டு இதை விடலாமா?

அகவழி:

மனநல ஆலோசனைத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குப் பேய்ப்படம் பார்ப்பதுபோல் இருந்தது, ஆனால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்ட இடங்களில் அல்ல.

முதல் விதி: சொந்தக் குடும்பத்தாருக்குச் சிகிச்சை செய்யக்கூடாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறான். இரண்டாவது, அவன் மருத்துவர் இல்லை. மருந்தை நிறுத்தச் சொல்ல அவனுக்கு என்ன உரிமை? அவள் மூச்சுத் திணறிப் பதறும்போது எண்ணிக்கொண்டே மூச்சை விடச் சொல்கிறான். அந்த உத்தி சரியானதுதான். படம் முழுக்க அவன் கையிலெடுப்பது எல்லாமே பாடப்புத்தகத்தில் இருப்பவை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பயங்களை முக்கோணமாக அடுக்குகிறானே, அதைக் கவனியுங்கள். பயத்தை நேருக்குநேர் சந்திக்க வைக்கும் சிகிச்சையில் அப்படி ஒரு ஏணி போடுவது உண்மையிலேயே உண்டு. எது மேலே, எது கீழே என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. குறைந்த பயத்தில் தொடங்கி, அவர் சம்மதத்தோடு ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். இங்கே காகிதம் அவன் கையில், பேனா அவன் கையில். எழுதுகிறான், அடிக்கிறான், உச்சியில் என்ன என்று அவனே யூகிக்கிறான். அவள் காட்டுக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்த உடனே ரயில் ஏற்றிவிடுகிறான். இடைப்பட்ட படிகள் எங்கே?

அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று. அந்தச் சிகிச்சை வந்தது பயத்துக்கு. லிஃப்ட்டுக்குப் பயப்படுகிறவர் அதில் ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்வார். பிள்ளை செத்துப்போனது நடக்காத ஆபத்து இல்லை, நடந்துவிட்டது. அதை எதற்கு எதிரே நிறுத்திப் பழக்குவது? துக்கத்தைப் பயமாக மாற்றி வைத்துக்கொண்டால்தான் அவனுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுக்க முடியும். அதனால் மாற்றிக்கொள்கிறான்.

தேன்சிட்டு:

அகவழி அக்கா எழுதியதைப் படித்ததும் அந்த ரயில் காட்சி நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி ஈடனில் நடப்பதாகக் கற்பனை செய், புல்லில் படுத்துக்கொள், பச்சையோடு பச்சையாகக் கரைந்துபோ என்கிறான். அவள் கரைந்தே போகிறாள், திரையிலும். அவனுக்கு அது வெற்றி. எனக்கு அந்த இடத்தில்தான் அவளை நாம் இழந்துவிட்டோம் என்று தோன்றியது.

பெண்வெறுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ரீல்மன்னன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவள் முந்தைய கோடையில் மகனோடு அந்தக் குடிசைக்குப் போனது ஆய்வேடு எழுதுவதற்காக. பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட வரலாறுதான் தலைப்பு. ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அப்படிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு, பெரும்பான்மை பெண்கள். அந்தக் கொலைகாரர்கள் எழுதிவைத்ததைப் படித்துப் படித்து, எதிர்க்கப் போனவள் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறாள். பரணில் அவன் கண்டெடுக்கும் நோட்டைப் பாருங்கள். முதல் பக்கங்களில் ஒழுங்கான கையெழுத்து. புரட்டப் புரட்ட எழுத்து பெரிதாகி, கோணலாகி, கடைசியில் வெறும் கிறுக்கல். வசனமே இல்லாமல் ஒரு மனம் உடைவதைக் காட்டிய இடம் அது. கத்தரிக்கோலைவிட எனக்கு அது பயங்கரம்.

பெண்ணின் இயல்பே தீயது என்ற வாதத்தை அவள் சொல்லும்போது அவன் கண்டிக்கிறான், நீ எதிர்க்க வேண்டியதை நீயே ஒப்பிக்கிறாயே என்று. நல்லது. இதுவரைக்கும் படம் அவளை ஒரு பலியாகப் பார்க்கிறது. ஆனால் கடைசி அரைமணி நேரத்தில் அவள் செய்வதெல்லாம் அந்த வாதத்துக்குச் சாட்சி சொல்வதுபோல எடுக்கப்பட்டிருக்கிறதே? வாயால் மறுத்துவிட்டு, காட்சியால் ஆமாம் என்கிறார் இயக்குநர். படத்தின் தலைப்பில் கடைசி எழுத்தைப் பெண்பால் குறியீடாக வரைந்தவரும் அவர்தான். பெயர்ப் பட்டியலில் பெண்வெறுப்பு பற்றிய ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒருவர் பெயர் வருகிறது. தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை.

நான் படத்தை வெறுக்கவில்லை. ஆனால் அவர் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறார்.

ரீல்மன்னன்:

அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் சொன்னால் ஆய்வு, நான் சொன்னால் கூச்சல்.

தேன்சிட்டு:

நீங்கள் சொன்னது கூச்சல் எழுந்தது என்று மட்டும்தான் பாஸ். ஏன் எழுந்தது என்று சொல்லவில்லை 🙂

புகைமூட்டம்:

நான் பாதியில் நிறுத்திவிட்டேன். மான் திரும்பும்போது பின்னால் பாதி பிறந்த குட்டி செத்துத் தொங்குகிறதே, அந்த இடத்தோடு சரி. மேலே தொடரலாமா? இதற்கு மேலும் மோசமா?

கூழாங்கல்:

ரொம்ப மோசம். மான் காட்சியே தாங்கவில்லை என்றால் தொடர வேண்டாம் என்பேன். அவன் காலைத் துளையிட்டு ஒரு அரைக்கல்லைப் பூட்டும் காட்சி இருக்கிறது, அதற்கப்புறம் அவள் தன்னையே சிதைத்துக்கொள்வது. அண்மைக் காட்சியில் காட்டுகிறார். பிரிட்டனில் 2009இல் பெரியவர்களுக்கு மட்டும் என்று வெட்டில்லாமல் அனுமதித்தார்கள். பிரான்ஸில் முதலில் 16 வயதுக்கு மேல் பார்க்கலாம் என்றிருந்த அனுமதியை 2016இல் நீதிமன்றம் ரத்தே செய்தது, படம் வந்து ஏழு வருடம் கழித்து. பார்க்காமல் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஃபிரேம்ரசிகன்:

படம் பார்க்க முடியாதவர்கள்கூட ஒளிப்பதிவைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். ஆன்டனி டாட் மேன்டில். அதே 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். முன்னுரைக்கு ஃபான்டம் அதிவேகக் கேமரா, வினாடிக்கு ஆயிரம் சட்டகம். பனித்துகள் காற்றில் நிற்பதுபோலத் தெரிவது அதனால்தான். அப்புறம் வீட்டுக்குள் வந்ததும் பாணி தலைகீழ்: கையில் பிடித்த கேமரா, நடுக்கம், வசனத்தின் நடுவிலேயே வெட்டு. சாவு அழகாக இருக்கிறது, அதற்கப்புறம் உயிரோடு இருப்பது அசிங்கமாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்தது.

மருத்துவமனைக் காட்சியில் ஒரு ஷாட். இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அவர்களை விட்டுவிட்டு மேசையிலிருக்கும் பூக்குவளைக்குப் போகிறது. பூவுக்குப் போகாமல் கீழே இறங்கி, தண்டுகள் ஊறிக்கிடக்கும் கலங்கிய தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. காடு அந்தக் குவளையிலேயே தொடங்கிவிட்டது என்பேன்.

காடாக நாம் பார்ப்பது ஜெர்மனியில் எடுத்தது. ஓக் விதைகள் கூரைத் தகரத்தில் இரவெல்லாம் விழுந்துகொண்டே இருக்குமே, அந்தச் சத்தத்தை ஹெட்போனில் கேளுங்கள். இசை என்று தனியாக எதுவும் இல்லாமல், அடியில் ஒரு உறுமல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மட்டுறுத்துநர்:

படத்திலிருந்து எடுத்த கடைசி அத்தியாய ஸ்டில்களை ஒருவர் இங்கே ஏற்றியிருந்தார், நீக்கிவிட்டோம். எழுத்தில் பேசுங்கள், படம் வேண்டாம். தொடரலாம்.

நெடுஞ்சாலை:

இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவதில்லை. என் மகன் போய்ச் சில வருடம் ஆகிறது. விபரம் வேண்டாம்.

முன்னெச்சரிக்கை போட்டதற்கு நன்றி கூழாங்கல். நான் தெரிந்தேதான் பார்த்தேன். கடைசிப் பகுதி என்னை ஒன்றும் செய்யவில்லை. அது வேறு ஏதோ படம்போல இருந்தது. ஓக் விதைகள் பற்றி ஃபிரேம்ரசிகன் சொன்னாரே, அந்த இடம்தான் செய்தது. ஒரு ஓக் மரம் நூற்றுக்கணக்கான வருடம் வாழும், தன் இனம் தொடர அதற்கு நூறு வருடத்தில் ஒரே ஒரு கன்று பிழைத்தால் போதும் என்று அவள் சொல்வாள். மற்றதெல்லாம் விழுவதற்கென்றே விழுகிறது. முன்பு அழகாகத் தெரிந்த காடு முழுவதும் இப்போது சாகப்போகும் பொருள்களின் அழுகையாகக் கேட்கிறது என்பாள். அவன் அதற்கு, விதை அழாது, அது உனக்கும் தெரியும் என்ற மாதிரி பதில் சொல்வான். சரியான பதில்தான். அந்தப் பதிலை எனக்கும் பலபேர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இறுதி ஊர்வலத்தில் அவன் அழுதுகொண்டு நடக்கிறான், அவள் அழாமல் நடந்து மயங்கி விழுகிறாள். நானும் மனைவியும் அப்படித்தான், ஆள் மட்டும் மாறி. அவள் அழுதாள், நான் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்தார்கள், யாருக்குச் சொல்லவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். டாஃபோவை வில்லன் என்கிறீர்கள். எனக்கு அவனைப் பார்த்தால் கோபம் வரவில்லை. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு, பிடித்துக்கொண்டான். அவளைக் குணப்படுத்திக்கொண்டிருக்கும் வரை அவன் மகனைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

கூழாங்கல்:

நெடுஞ்சாலை சார், எழுதியதற்கு நன்றி. வில்லன் என்ற சொல்லை நான் விடமாட்டேன், ஆனால் நீங்கள் சொன்ன காரணம் அவனுக்குள் இருக்கிறது என்பது சரி. அவளே ஒரு இடத்தில் சொல்கிறாள், நான் உன் நோயாளி ஆன பிறகுதான் உனக்கு என்மேல் அக்கறை வந்தது என்று. மகன் உயிரோடு இருந்தபோதும் அவன் விலகியே இருந்தான் என்பது அவள் குற்றச்சாட்டு. அவன் பதில் சொல்வதில்லை, அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறான்.

அகவழி:

நெடுஞ்சாலை சார், உங்கள் பதிவுக்கு ஒன்று சேர்க்கிறேன். 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கத்தை ஒரு ஊசலாட்டமாக விளக்கினார்கள். இழப்பிலேயே அமிழ்ந்திருப்பது ஒரு முனை, வீடு, வேலை, ஏற்பாடு என்று அன்றாடத்தைக் கவனிப்பது மறுமுனை. நல்லபடியாகத் துக்கப்படுகிறவர் இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பார். ஏற்பாடுகளைப் பார்த்தவர் துக்கப்படவில்லை என்று பொருள் இல்லை. தம்பதியில் ஒருவர் ஒரு முனையிலும் மற்றவர் மறுமுனையிலும் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்தப் படத்தின் தம்பதிக்கு நடப்பது அதுதான், மிகைப்படுத்தி.

இன்னொன்று. அவள் துக்கம் வழக்கமானதாக இல்லை என்று மருத்துவர் சொல்வது, மகன் இறந்து ஒரு மாதத்தில். இன்றைய கையேடுகளின்படி அதற்குள் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. நீடித்த துக்கக் கோளாறு என்ற பிரிவு இப்போது இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க உளமருத்துவர்களின் டி.எஸ்.எம். 2022 பதிப்பு, பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. ஆக, துக்கம் நோயல்ல, இயல்பான எதிர்வினை என்று கணவன் வாதாடும் இடத்தில் அவன் பக்கம்தான் நியாயம். அந்த நியாயத்தைச் சொல்லி அவளை வெளியே கூட்டி வந்து, அப்புறம் அவனே அதை நோயாக நடத்துகிறான்.

ஆந்தைக்கண்:

எல்லோரும் கணவனையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இழையின் கேள்வி அப்படியே கிடக்கிறது. அவள் பார்த்தாள். என் ஆதாரம்: காலணி.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் குழந்தையின் பாத எலும்பில் சிறு வளைவு இருந்ததாக வருகிறது. சாவுக்குச் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். குடிசையில் கிடைக்கும் பழைய புகைப்படங்களில் குழந்தையின் காலணி வலம் இடமாக மாறியிருக்கிறது. ஒரு படத்தில் இருந்தால் அவசரத்தில் போட்டது எனலாம். படத்துக்குப் படம் அப்படியே இருக்கிறது. எலும்பு வளையும் அளவுக்கு. கேட்டால், அன்றைக்குக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்கிறாள். மகனை வேதனைப்படுத்தியவள், அவன் விழுவதைப் பார்த்தும் சும்மா இருந்தாள் என்பதில் என்ன அதிசயம்? துக்கப்படும் தாய் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், படம் அதைக் கடைசியில் பிடுங்கிவிடுகிறது.

கூழாங்கல்:

காலணியை யார் கண்டுபிடிக்கிறார்கள்? கணவன். எப்போது? அவளுடைய பயத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போது. சூனியக்காரி வேட்டையில் விசாரணை செய்தவர்களும் இப்படித்தான் உடம்பில் அடையாளம் தேடினார்கள். தேடினால் கிடைக்கும். புகைப்படம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து கொலைகாரி வரை போவது அவன் போட்ட கோடு.

இன்னொரு இடம். அந்தக் கோடையில் அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. காடெல்லாம் ஓடித் தேடுகிறாள். கடைசியில் பார்த்தால் நிக் கொட்டகையில் உட்கார்ந்து அமைதியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். அழுகை மட்டும் நிற்கவில்லை. அப்படித் தேடி ஓடியவளைத்தான் படம் நமக்கு முதலில் காட்டியிருக்கிறது. கேட்காத அழுகையைக் கேட்டவள், பார்க்காததைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ள மாட்டாளா?

ஆந்தைக்கண்:

அப்படியென்றால் எந்தக் காட்சியைத்தான் நம்புவது? முன்னுரை மட்டும் உண்மை என்று யார் சொன்னது? அதிலும் பாட்டு, பனி, கறுப்பு வெள்ளை. அதுவும் ஒருவர் நினைவில் ஒப்பனை செய்ததுதான்.

கூழாங்கல்:

இது நல்ல அடி. யோசிக்கிறேன்.

நெடுஞ்சாலை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. இருந்தும் என் மனைவி பார்த்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், நெடுநாள். நான் எத்தனை விளக்கினாலும் போகவில்லை. படத்தில் அந்தக் காட்சி வந்தபோது, இயக்குநர் என்ன நினைத்தார் என்று தெரியாது, எனக்கு அது என் மனைவி பார்த்ததுபோலத்தான் இருந்தது.

ஆந்தைக்கண்:

சார், இதற்கு மேல் நான் வாதாடப்போவதில்லை. காலணி காலணியாகவே இருக்கட்டும்.

செங்குடை:

இதைப் படிக்கும்போது 1973இல் வந்த நிக்கோலஸ் ரோகின் 'டோன்ட் லுக் நவ்' பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அங்கேயும் முதல் காட்சியிலேயே பிள்ளை போய்விடுகிறது, சிவப்பு மழைக்கோட்டோடு குளத்தில். அங்கேயும் கணவன் பகுத்தறிவாளன், வெனிஸில் ஒரு தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலை. மனைவிக்குப் பார்வையற்ற ஒரு பெண் சொல்லும் ஆவிச் செய்தியில் ஆறுதல் கிடைக்கிறது, முகம் தெளிகிறது. அவன் அதை நம்ப மறுக்கிறான், அவள் பேதலித்துவிட்டாள் என்று நினைக்கிறான். கடைசியில் சாவது அவன்.

வித்தியாசம் ஒன்று. ரோக் அந்தத் தம்பதியை ஒருவரையொருவர் நேசிப்பவர்களாகவே வைத்திருக்கிறார். புகழ்பெற்ற அந்தப் படுக்கையறைக் காட்சியில், நடுநடுவே அவர்கள் வெளியே கிளம்ப உடை மாற்றிக்கொள்வதையும் சேர்த்து வெட்டியிருப்பார். பிள்ளையை இழந்த பிறகு முதல்முறையாகச் சேர்கிறார்கள் என்று சொல்லாமலே தெரியும். வான் ட்ரியரின் படத்தில் உடலுறவு முதல் நிமிடத்திலேயே குற்றத்தோடு கட்டப்பட்டுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு முறையும் அது தண்டனையாகவே வருகிறது. யாராவது ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ரோகைப் பாருங்கள்.

புகைமூட்டம்:

இதைப் பார்க்கலாம் போலிருக்கிறதே. மான் எதுவும் இல்லையே?

செங்குடை:

மான் இல்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

ரீல்மன்னன்:

நரியைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் நானே பேசுகிறேன். தன் குடலைத் தானே கடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி, குழப்பம்தான் ஆட்சி செய்கிறது என்று மனிதக் குரலில் சொல்கிறது. கான் அரங்கில் சிரித்தார்கள் என்றால் அவர்கள்மேல் தப்பில்லை. இவ்வளவு கனமான விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நரிக்கு வசனம் எதற்கு?

தேன்சிட்டு:

எனக்கு அங்கே சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்குக் கூச்சமாகவும் இருந்தது. துக்க வீட்டில் சிரிப்பு வந்தவர்களுக்கு அது புரியும். நரி சொல்வது கணவனிடம்தான் என்பதைக் கவனித்தீர்களா? அவள் பார்க்கவில்லை. மானையும் அவன் மட்டும்தான் பார்க்கிறான். பின்னால், அவன் ஒளிந்திருக்கும் பொந்தில் உயிரோடு புதைந்து கிடந்து கரைந்து காட்டிக்கொடுக்கிறதே காகம், அதுவும் அவனோடுதான். மனம் பேதலித்தவள் அவள் என்று எல்லோரும் சொல்கிறோம். பேசும் மிருகத்தைப் பார்ப்பவன் வைத்தியன்.

அகவழி:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் தேன்சிட்டு. முக்கோணத்தின் உச்சியில் முதலில் இயற்கை என்கிறான், அப்புறம் சாத்தான் என்று எழுதி அடிக்கிறான், கடைசியில் அவளே தனக்குப் பயம் என்று எழுதுகிறான். தன் பெயருக்கு அந்தத் தாளில் இடமே வைக்கவில்லை.

ஃபிரேம்ரசிகன்:

முடிவுரையையும் அப்படிப் பார்த்தால் சரியாக வருகிறது. அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்துவிட்டு, நொண்டிக்கொண்டு மேடேறுகிறான். மறுபடி கறுப்பு வெள்ளை, மறுபடி அதே ஹாண்டெல். காட்டுப்பழம் பறித்துத் தின்கிறான். கீழேயிருந்து முகம் தெரியாத பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வருகிறார்கள். முன்னுரையில் ஓர் ஆயிரம் சட்டகத்துக்குள் ஒரு குழந்தை. இங்கே அவனைச் சுற்றி அத்தனை முகமில்லாதவர்கள். இறந்துபோன பெண்கள் என்று பெரும்பாலானோர் எழுதுகிறார்கள். எனக்கு அவர்கள் அடுத்த நோயாளிகள்.

ரீல்மன்னன்:

அடுத்த நோயாளிகளா! இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், நல்ல நகைச்சுவை. ஆனால் இதெல்லாம் நீங்கள் போட்டுக்கொள்ளும் பொருள். இயக்குநர் போட்டது கத்தரிக்கோல். படத்தின் கடைசியில் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கிக்குச் சமர்ப்பணம் என்று வேறு போடுகிறார். அதைப் பார்த்துத்தான் அரங்கில் பாதிக் கூச்சல் எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கூழாங்கல்:

ஆந்தைக்கண்ணுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. முன்னுரையும் நம்பத்தகாதது என்றால், அது யாருடைய நினைவு? அவளுடையது என்றால் அவள் கண் மூடியிருப்பதை அவளே எப்படிப் பார்த்தாள்? எனக்குத் தோன்றுவது, அது கணவன் மனதில் அடுக்கி வைத்த படம். யாருக்கும் பழியில்லாமல், பாட்டோடு, அழகாக. இரண்டாவது முறை வருவது அவளுடைய படம், பழி முழுக்கத் தன்மேல் போட்டுக்கொண்டது. இரண்டிலும் நிக் உண்மையில் எப்படி விழுந்தான் என்பது இல்லை. நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி வைத்துப் பார்த்தால் காலணியும் இடிக்கவில்லை.

ஆந்தைக்கண்:

கணவனுடைய படம் என்றால், அதில் அவனும் திரும்பிப் பார்க்கவில்லையே. அந்தக் கண்காணிப்புக் கருவி அவன் பக்கத்திலும்தான் இருந்தது. அதன் ஒலியை நிறுத்தியது யார்?

கூழாங்கல்:

படத்தில் அதைக் கேட்பவர் யாரும் இல்லை. அகவழி, அவள் அவனிடம் அதைக் கேட்கும் இடம் ஏதாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? மறுபடி பார்க்கும் தெம்பு எனக்கு இப்போதைக்கு இல்லை.

அகவழி:

கேட்பதாக எனக்கு நினைவில்லை. குழந்தை அண்மையில்தான் இரவில் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தான், அது எனக்குத் தெரியும் என்ற மாதிரி தன்மேல் பழி போட்டுக்கொள்வாள். அவனுக்குத் தெரியாது என்பது அதிலேயே வந்துவிடுகிறது. வார இறுதியில் இரண்டாம் அத்தியாயம் வரை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதற்கு மேல் எனக்கும் வேண்டாம்.